கைக்குழந்தைக்கு ஷண்ட் வைத்த பிறகு: சிக்கல்களை நாள்கணக்கில் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மூளைக்குள் தேங்கும் நீரை வயிற்றுக்கு வடிக்கத் தோலுக்கடியில் வைக்கும் வால்வுள்ள குழாய்தான் ஷண்ட். அது வைத்த கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போனால், அங்கே முதலில் கேட்பது "ஆபரேஷன் ஆகி எத்தனை நாள் ஆச்சு?" என்றுதான். ஷண்டின் சிக்கல்கள் கண்டபடி வருவதில்லை. ஒவ்வொன்றும் பெரும்பாலும் தனக்கென்று ஒரு காலத்தில் வரும். முதல் இரண்டு நாளில் ரத்தக்கசிவு, முதல் பத்து நாளில் தையல், முதல் இரண்டு மாதத்தில் கிருமித்தொற்று, சில மாதங்களில் விரைப்பக்க வீக்கம். அடைப்பு மட்டும் எந்த நாளிலும் வரும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால், வீட்டில் இருப்பவருக்கு எதைத் தேடிப் பார்ப்பது என்று தெரியும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஷண்ட் கெட்டுப்போவது அபூர்வமான சங்கதி இல்லை. 1998இல் வெளியான, மூன்று வகை வால்வுகளை 344 குழந்தைகளிடம் ஒப்பிட்ட ஆய்வில், எந்த வால்வு வைத்தாலும் இரண்டு ஆண்டு முடிவில் ஏறக்குறைய பாதி ஷண்டுகளுக்குக் கோளாறு வந்திருந்தது. அந்தக் குழந்தைகளில் அடைப்பு 31 சதவீதம், தொற்று 8 சதவீதம், அளவுக்கு மீறி வடிதல் 3.5 சதவீதம். "நாம என்ன தப்பு பண்ணினோம்" என்று பெற்றோர் புழுங்குவதற்கு இதில் இடமே இல்லை. கோளாறு வரும் என்று எதிர்பார்த்து, வந்தால் சீக்கிரம் பிடிப்பதுதான் வேலை.

உள்ளே என்ன இருக்கிறது

மூளையின் உள்ளறைகளில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் ஊறுகிறது. வளர்ந்தவருக்கு ஒரு நாளில் சுமார் 500 மில்லி ஊறும். ஆனால் எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது சுமார் 150 மில்லிதான். ஊறுவது ஊறியபடியே வெளியேறியாக வேண்டும். வழி அடைபட்டால் அறைகள் உப்பும். கைக்குழந்தையின் மண்டை எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று இறுகவில்லை என்பதால் தலையும் சேர்ந்து பெருக்கும். நீர்த்தலை என்பது இதைத்தான்.

மூளை அறையிலிருந்து வயிற்றுக்கு வடிக்கும் இந்த வகை ஷண்டை விபி ஷண்ட் என்பார்கள். அதில் மூன்று பாகம். மூளை அறைக்குள் போகும் சிறு குழாய், காதுக்குப் பின்னால் அல்லது சற்று மேலே தோலுக்கடியில் உட்காரும் வால்வு, கழுத்து, மார்பு வழியாகத் தோலுக்கடியிலேயே இறங்கி வயிற்றுக்குள் திறக்கும் நீளக் குழாய். குழாய்கள் சிலிக்கோன் ரப்பர். வால்வு ஒருவழிக் கதவு. உள்ளே அழுத்தம் ஒரு அளவைத் தாண்டினால் திறக்கும், குறைந்தால் மூடும். குழந்தை வளரும் என்பதால் வயிற்றுக்குள் குழாயை வேண்டுமென்றே நீளமாக விட்டுவைப்பார்கள். எக்ஸ்ரேயில் சுருண்டு கிடப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

விலை உயர்ந்த வால்வுதான் நல்லது என்ற எண்ணம் பெற்றோரைக் கடனில் தள்ளுகிறது. இந்தியாவில் ஷாஜகான்பூரில் தயாராகும் சாப்ரா ஷண்டையும், பல மடங்கு விலையுள்ள கோட்மன் ஹக்கீம் வால்வையும் உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் ஒப்பிட்டு 2005இல் வெளியிட்டார் மூளை அறுவை மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப். ஓராண்டு முடிவில் பலனில் வேறுபாடு இல்லை. பணம் செலவழிக்க ஒரு இடம் உண்டென்றால் அது குழாய்தான், அதைத் தொற்றுப் பகுதியில் பார்ப்போம்.

ஆபரேஷனுக்கு முன்பு கேட்க வேண்டியவை

குறைமாதத்தில் பிறந்து மூளை அறைக்குள் ரத்தம் கசிந்த குழந்தை என்றால், உடனே ஷண்ட் வைக்காமல் மருத்துவர்கள் காத்திருப்பார்கள். எடை 2 கிலோவை நெருங்காத குழந்தைக்குத் தோல் காகிதம் போல இருக்கும், வால்வு அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வரலாம். நீரில் ரத்தம் மிதக்கும்போது குழாயும் சீக்கிரம் அடைக்கும். அந்த இடைக்காலத்தில் தோலுக்கடியில் ஒரு சிறு நீர்த்தேக்கி வைத்து, மெல்லிய ஊசியால் எடைக்குக் கிலோவுக்கு சுமார் 10 மில்லி வீதம் எடுப்பார்கள். இல்லையென்றால் உச்சந்தலைத் தோலுக்கடியில் ஒரு பை அமைத்து நீரை அதில் வடிய விடுவார்கள். தலை ஒரு பக்கம் மெத்தென்று வீங்கித் தெரியும், அது திட்டமிட்ட வீக்கம். மாத்திரையில் நீரை வற்றவைக்க முடியாதா என்று கேட்கத் தோன்றும். அசிட்டசோலமைடும் ஃபுரோசிமைடும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பன்னாட்டு ஆய்வு, இத்தகைய குறைமாதக் குழந்தைகளுக்கு அது பயன் தராததோடு கெடுதலும் செய்கிறது என்று 1998இலேயே காட்டிவிட்டது.

எண்டோஸ்கோப்பி வழியாக மூளை அறையின் தரையில் துளையிட்டு நீரை வழிமாற்றும் இடிவி சிகிச்சை ஷண்டே வேண்டாம் என்று ஆக்கக்கூடியது. ஆனால் கைக்குழந்தையிடம் அது அடிக்கடி தோற்கும். வெற்றி வாய்ப்பைக் கணிக்கும் மதிப்பெண் முறையில், ஒரு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வயதுக்காகக் கிடைப்பது பூஜ்யம், 1 முதல் 6 மாதம் வரை 10, 6 மாதத்திலிருந்து ஓராண்டு வரை 30. மூளைக்காய்ச்சலால் வந்த நீர்த்தலை என்றால் காரணத்துக்கான மதிப்பெண்ணும் பூஜ்யம். பிறவியிலேயே நீர் போகும் வழி குறுகியிருந்தால் 30. "எங்க குழந்தைக்கு எத்தனை மதிப்பெண்?" என்று தாராளமாகக் கேளுங்கள்.

தோலில் புண், தலையில் பொடுகுப் புண், சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போகுமே என்று சொல்லாமல் விடுவது பெரிய தவறு. தண்டுவடப் பிளவோடு பிறந்த குழந்தை என்றால் ரப்பர் கையுறையின் லேட்டக்ஸ் ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம், அதையும் முதலிலேயே நினைவூட்டுங்கள். ஆபரேஷனுக்கு முன் தாய்ப்பாலை 4 மணி நேரமும், புட்டிப்பாலை 6 மணி நேரமும் நிறுத்தச் சொல்வது வழக்கம்.

முதல் 48 மணி நேரம்

அறைகள் மிகவும் உப்பியிருந்த குழந்தைக்கு நீர் திடீரென்று வடிந்தால் மூளை மண்டையோட்டிலிருந்து விலகிச் சுருங்கும். நடுவில் உள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு அறுந்து ரத்தம் கட்டலாம். அதனால்தான் உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தால் குழந்தையைத் தலையணை இல்லாமல் மட்டமாகப் படுக்க வைத்து, ஓரிரு நாளில் படிப்படியாகத் தலைமாட்டை உயர்த்துவார்கள். பால் கொடுக்க நிமிர்த்தித் தூக்கலாமா என்பதைச் செவிலியரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஷண்ட் இல்லாத பக்கமாகத்தான் படுக்க வைக்க வேண்டும்.

அன்றிரவு பார்க்க வேண்டியவை மூன்று: விழித்துப் பால் குடிக்கிறதா, வலிப்பு ஏதும் வருகிறதா, வயிறு உப்பிக்கொண்டே போகிறதா. கொஞ்சம் காய்ச்சல், கொஞ்சம் சிணுங்கல் எல்லாம் இருக்கத்தான் செய்யும்.

முதல் பத்து நாள்: தையல்

தலையில், வயிற்றில், சில நேரம் கழுத்திலும் தையல் இருக்கும். 7 முதல் 10 நாளில் பிரிப்பார்கள். இந்த நாட்களில் ஒரே ஒரு அறிகுறிக்குக் கண் கொடுத்தால் போதும்: ஈரம். கட்டுத் துணி, தலையணை உறை, தொப்பி இவற்றில் தெளிந்த நீர்க்கறை தெரிந்தால் மூளை நீர் கசிகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நீர் வெளியே வரும் வழியாகவே கிருமி உள்ளே போகும். மேலே இன்னொரு பஞ்சை வைத்து ஒட்டிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும். பெரும்பாலும் கூடுதல் தையலில் முடியும். சில நேரம் கசிவே அடியில் அடைப்பு இருப்பதன் அடையாளம். நீருக்குக் குழாய் வழி இல்லாததால் குழாயைச் சுற்றிய வழியைத் தேடிக்கொண்டிருக்கும்.

வால்வின் மேல் உள்ள தோல் சிவந்து, பளபளப்பாகி, நடுவில் வெளிறத் தொடங்கினால் தோல் அறுபடப் போகிறது என்று பொருள். பெரிய தலையைக் குழந்தையால் திருப்ப முடியாது, வைத்த பக்கமே கிடக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தலையின் பக்கத்தை மாற்றி, வால்வு மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கும் மருந்து.

பத்தாம் நாள் முதல் இரண்டாம் மாதம் வரை: கிருமித்தொற்று

ஷண்ட் தொற்று பெரும்பாலும் ஆபரேஷன் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. குழந்தையின் தோலில் இயல்பாக வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற சாதுவான கிருமி, குழாயில் ஒட்டிக்கொண்டு மேலே ஒரு கொழகொழப் படலத்தை நெய்துகொள்கிறது. அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக் சரியாகப் போகாது. மெதுவாக வளர்வதால் வாரங்கள் கழித்தே வெளியே தெரியும். அதனால்தான் பெரும்பாலான தொற்றுகள் முதல் இரண்டு மாதத்திலும், கிட்டத்தட்ட எல்லாமே முதல் ஆறு மாதத்திலும் தென்படுகின்றன.

குழாயைப் பற்றிச் சொன்னது இங்கேதான். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1605 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், சாதாரணக் குழாய்க்கும் வெள்ளி பூசிய குழாய்க்கும் தொற்று 6 சதவீதம், ரிஃபாம்பிசின், கிளிண்டாமைசின் ஊறிய குழாய்க்கு 2 சதவீதம். கூடுதல் பணம் கொடுக்க முடியும் என்றால் வால்வைவிட இந்தக் குழாய்க்குக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது எங்கள் கருத்து. பணம் செலவாகாத வழியும் உண்டு. கத்தி படுவதற்கு முன் ஆன்டிபயாடிக், இரண்டு ஜோடிக் கையுறை, தியேட்டரில் ஆள் நடமாட்டக் குறைப்பு போன்ற சின்னச் சின்ன விஷயங்களை விடாமல் கடைப்பிடித்த வட அமெரிக்க மருத்துவமனைகளில் தொற்று 8.8 சதவீதத்திலிருந்து 5.7 ஆகக் குறைந்தது.

அறிகுறிகள் நாடகத்தனமாக இருப்பதில்லை. விட்டு விட்டு வரும் காய்ச்சல், பால் குடிக்கச் சோம்பல், எதற்கென்று தெரியாத அழுகை, குழாய் போகும் தடத்தில் ஒரு சிவப்புக் கோடு, தொட்டால் சூடு, வயிறு உப்பல். இத்தனையும் சளிக் காய்ச்சலுக்கும் பொருந்தும். அதனால் விதி எளியது: ஷண்ட் வைத்து ஆறு மாதத்துக்குள் 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், அதற்கு மேல் காய்ச்சல் வந்து, கண்ணுக்குத் தெரிந்த வேறு காரணம் இல்லையென்றால், ஷண்ட் தொற்று இல்லை என்று நிரூபிக்கும் வரை ஷண்ட் தொற்றுதான்.

இங்கே நம் ஊரில் ஒரு பொல்லாத பழக்கம் குறுக்கே வருகிறது. பக்கத்துக் கிளினிக்கில் "எதுக்கும் இருக்கட்டும்" என்று மூன்று நாள் ஆன்டிபயாடிக் சொட்டு வாங்குவது. காய்ச்சல் இறங்கிவிடும், கிருமி படலத்துக்குள் பதுங்கிவிடும். பிறகு மூளை நீரை எடுத்து வளர்த்துப் பார்த்தால் ஒன்றும் முளைக்காது. எந்தக் கிருமி என்று தெரியாமல் இருட்டில் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆன்டிபயாடிக், நீர் பரிசோதனைக்கு எடுத்த பிறகுதான்.

தொற்று உறுதியானால் சிகிச்சை நீளமானது. முழு ஷண்டையும் எடுத்துவிட்டு, மூளை அறையிலிருந்து வெளியே ஒரு பைக்கு வடியும் தற்காலிகக் குழாய் வைத்து, நரம்பு வழியே மருந்து ஏற்றி, நீர் சுத்தமான பிறகு புது ஷண்ட். கிருமியைப் பொறுத்துப் பெரும்பாலும் 10 முதல் 14 நாள், கிராம் நெகடிவ் வகை என்றால் சில நேரம் 21 நாள். குழாயை எடுக்காமல் மருந்தால் மட்டும் ஆற்றும் முயற்சி பல நேரம் தோற்றுப்போகும்.

அந்த வெளிக்குழாய் காலத்தில் தாய் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பை தொங்கும் உயரம் குழந்தையின் காதுத் துவார மட்டத்தை வைத்து அளந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. குழந்தையைப் பாலூட்டத் தூக்கினால் தலை மேலே போகும், நீர் மளமளவென்று பைக்கு இறங்கும். தூக்குவதற்கு முன் செவிலியரைக் கூப்பிட்டுக் குழாயை மூடச் சொல்லுங்கள், படுக்க வைத்ததும் மறக்காமல் திறக்கச் சொல்லுங்கள். மூடியதை மறந்துவிடுவதும் அதே அளவு ஆபத்து.

எந்த நாளிலும்: அடைப்பு

மூளைக்குள் இருக்கும் முனைதான் அதிகம் அடைக்கும். நீரைச் சுரக்கும் சதைத்திரள் குழாய்த் துளைகளுக்குள் வளர்ந்து நுழையும், ரத்தத் துகளும் மூளைத் திசுத் துணுக்கும் சேரும். எழுத்தாளர் ரோல்ட் டாலின் மகனுக்கு 1960இல் நியூயார்க்கில் நடந்த விபத்தில் தலையில் அடிபட்டு ஷண்ட் வைத்தபோது அந்த வால்வு திரும்பத் திரும்ப அடைத்தது. பொம்மை விமான எஞ்சினுக்கு நுணுக்கமான பம்புகள் செய்துவந்த ஸ்டான்லி வேட், அறுவை நிபுணர் கென்னத் டில் இருவரையும் சேர்த்துக்கொண்டு துகள் சிக்காத ஒரு வால்வை டால் 1962இல் உருவாக்கினார். அதற்குப் பிறகு எத்தனையோ வடிவங்கள் வந்தும் அடைப்பு ஒழியவில்லை.

பெரிய பிள்ளை தலைவலி என்று சொல்லும். கைக்குழந்தை சொல்லாது, அதன் தலை சொல்லும். மண்டை விரிந்து கொடுப்பதால் அழுத்தம் உடனே உச்சத்துக்குப் போகாமல், சுற்றளவு மெதுவாக ஏறும். எனவே டேப் எடுத்து அளப்பது இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான வேலை.

அளக்கும் முறை இது. இழுத்தால் நீளாத டேப். தையற்கடைத் துணி டேப் பழையதானால் நீண்டுவிடும், புதிதாக வாங்குங்கள். முன்னால் புருவத்துக்குச் சற்று மேலே, பக்கத்தில் காதுகளுக்கு மேலே, பின்னால் தலை மிகவும் புடைத்த இடம் வழியாகச் சுற்றுங்கள். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எழுதுங்கள். ஒரே ஆள், வாரத்தில் ஒரே கிழமை. வால்வின் மேட்டின் மேல் டேப் போகிறதென்றால் ஒவ்வொரு முறையும் அப்படியே போகட்டும், ஒரு வாரம் மேலும் மறு வாரம் கீழும் போனால் கணக்கு கெடும். ஆபரேஷன் ஆன முதல் வாரத்து அளவு வீக்கத்தால் நம்பத்தகாதது.

ஒப்பிட்டுப் பார்க்க: நிறைமாதக் குழந்தையின் தலை பிறக்கும்போது சுமார் 34 முதல் 35 செ.மீ., முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., பிறகு ஓராண்டு வரை அரை செ.மீ. வளரும். நன்றாக வேலை செய்யும் ஷண்டில் முதல் சில வாரம் அளவு நின்றுபோகும் அல்லது கொஞ்சம் குறையும். ஒரே வாரத்தில் 1 செ.மீ. கூடினால் அன்றே காட்டுங்கள்.

உச்சிக்குழியைப் பார்ப்பதற்கும் முறை உண்டு. அழும்போதும் படுத்திருக்கும்போதும் எல்லாக் குழந்தைக்கும் உச்சி கொஞ்சம் பொங்கும். அமைதியாக இருக்கும்போது நிமிர்த்தி உட்காரவைத்துத் தடவுங்கள். மட்டமாக அல்லது லேசாகக் குழிந்து, துடிப்பு தெரிய வேண்டும். அப்போதும் இறுகிய தோல்பை போல மேலே நின்றால் அது அடைப்பின் குரல். இதோடு தலை நரம்புகள் புடைத்தல், கருவிழி கீழிமைக்குள் இறங்கி மேலே வெள்ளை தெரிதல், பீச்சியடிக்கும் வாந்தி, கீச்சென்ற அழுகை, பால் நேரத்துக்கும் எழுப்ப முடியாத தூக்கம், வால்வைச் சுற்றியோ கழுத்துத் தடத்திலோ தோலுக்கடியில் நீர் கோத்தல் ஆகியவற்றைப் பாருங்கள். மூச்சு விட்டு விட்டு வருவதும், இதயத் துடிப்பு குறைவதும், வலிப்பும், கண்மணி பெரிதாவதும் கடைசிக் கட்டம். அங்கே நிமிடக் கணக்கு.

ஏமாற்றும் சில விளக்கங்கள் வீட்டிலேயே தயாராக இருக்கும். பல் முளைக்குது, சீர் தட்டிடுச்சு, உரம் விழுந்துடுச்சு. பேதி இல்லாமல், காய்ச்சல் இல்லாமல், வாந்தியும் மந்தமும் மட்டும் இருந்தால் வயிற்றைக் குற்றம் சொல்லாதீர்கள்.

வால்வை விரலால் அழுத்திப் பார்க்கும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். அழுத்தினால் உள்ளே போகாவிட்டால் கீழ்ப்பக்க அடைப்பு, போய் மீண்டும் நிரம்பாவிட்டால் மேல்பக்க அடைப்பு என்று சொல்வார்கள்தான், ஆனால் மருத்துவர் கையிலேயே அந்தச் சோதனை பொய் சொல்லும். தினமும் பம்ப் செய்தால் சதைத்திரள் துளைக்குள் உறிஞ்சப்படவும் கூடும்.

மருத்துவமனையில் நடப்பது இந்த வரிசையில் இருக்கும். உச்சி திறந்திருக்கும் வரை அதன் வழியாகவே ஸ்கேன் பார்க்கலாம், கதிர்வீச்சு இல்லை. தேவைப்பட்டால் சிடி அல்லது விரைவு எம்ஆர்ஐ. தலை முதல் வயிறு வரை எக்ஸ்ரே எடுத்துக் குழாய் எங்காவது கழன்றதா, அறுந்ததா என்று பார்ப்பார்கள். ஸ்கேனில் எல்லாம் பழையபடி இருக்கிறது என்ற சொல்லோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஷண்ட் அடைத்தும் அறைகள் பெரிதாகாத குழந்தைகள் உண்டு. பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். ஷண்ட் நன்றாக வேலை செய்யும் நாளில் எடுத்த படம் கையில் இருந்தால்தான் ஒப்பீடு நடக்கும். சந்தேகம் தீராவிட்டால் அறுவை மருத்துவர் மெல்லிய ஊசியை ஷண்டோடு சேர்ந்திருக்கும் சிறு நீர்த்தேக்கியில் செலுத்திப் பார்ப்பார். நீர் வராவிட்டால் மேல்பக்கம் அடைப்பு, பீறிட்டு வந்தால் கீழ்ப்பக்கம்.

அளவுக்கு மீறி வடிந்தால்

இதன் முகம் வேறு. உச்சி குழிந்து, மண்டையெலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விளிம்பு கைக்குத் தட்டுப்படும். தூக்கி நிமிர்த்தும்போது அழுகையும் வாந்தியும், படுக்க வைத்தால் தெளிவு. காரணம் எளிய இயற்பியல்: நிமிர்ந்தால் நீளக் குழாயில் உள்ள நீரின் எடையே மேலிருந்து இழுக்கும். மூளையைச் சுற்றி நீரோ ரத்தமோ சேரலாம், நாளடைவில் எலும்பு முன்கூட்டியே இறுகித் தலை சிறுத்துப் போகலாம். தலை சின்னதாகிவிட்டது, குணமாகிவிட்டது என்று மகிழ்ந்துகொண்டிருக்கும் வீட்டில் இது தவறிப்போகும். சுற்றளவு குறைந்துகொண்டே போனாலும் அளவு நோட்டைக் காட்டுங்கள். அழுத்தம் கூடிய வால்வு அல்லது உறிஞ்சலைத் தடுக்கும் பாகம் சேர்த்துச் சரிசெய்வார்கள்.

வயிறு

தலை ஆபரேஷன் என்பதால் வயிற்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆண் குழந்தைக்கு விரைப்பை வீங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். வயிற்றுக்கும் விரைப்பைக்கும் நடுவே கருவில் இருந்த பாதை கைக்குழந்தையிடம் பல நேரம் மூடியிருக்காது. வயிற்றில் நீர் வந்து சேரும்போது அந்தப் பாதை விரியும், நீர் இறங்கும், குடலும் இறங்கலாம், அபூர்வமாகக் குழாயின் முனையே விரைப்பைக்குள் போய்ச் சுருண்டிருக்கும். மெத்தென்று அமுங்கும் வீக்கத்தை ஓரிரு நாளில் காட்டலாம். இறுகி, நிறம் மாறி, தொட்டால் வீரிட்டு அழுது, வாந்தியும் இருந்தால் குடல் சிக்கிக்கொண்டது, அந்த நேரமே ஓட வேண்டும். பெண் குழந்தைக்குத் தொடையிடுக்கில் கட்டி போல வரும்.

வயிறு ஒரு பக்கம் மட்டும் உப்பி, கட்டி போல் தட்டுப்பட்டால் குழாய் முனையைச் சுற்றி நீர்ப்பை உருவாகியிருக்கலாம். வயிற்று ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். இதற்குப் பின்னால் மந்தமான தொற்று ஒளிந்திருப்பது அடிக்கடி நடப்பதால், குழாயை வேறிடத்துக்கு மாற்றும் முன் நீரைப் பரிசோதிப்பது அவசியம்.

பெற்றோரை உறையவைக்கும் காட்சி ஒன்றுண்டு. துணி மாற்றும்போது மலத்துவாரத்தில் வெள்ளைக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். குழாயின் முனை குடல் சுவரை மெதுவாக அரித்து உள்ளே நுழைந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் பல குழந்தைகள் வலியே இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும், வயிற்றில் சீழ்கூடப் பிடித்திருக்காது. இழுக்காதீர்கள், உள்ளே தள்ளாதீர்கள், வெட்டாதீர்கள். சுத்தமான ஈரத்துணியால் சுற்றி உடனே கொண்டுபோங்கள். குடல் கிருமி குழாய் வழியே மூளைக்கு ஏறுவதுதான் உண்மையான ஆபத்து. அதனால் மருத்துவரும் அழுக்கான முனையை மேல்நோக்கி இழுக்க மாட்டார். மேலே குழாயைத் துண்டித்துவிட்டு, கீழ்த்துண்டை மலத்துவாரம் வழியாகவே எடுப்பார்.

மலச்சிக்கலை அலட்சியம் செய்யாதீர்கள். வயிற்றழுத்தம் கூடினால் நீர் இறங்குவது தடைபடும், ஷண்ட் அடைத்தது போலவே தெரியும்.

வீட்டு வழக்கங்களில் மாற்ற வேண்டியவை

காலில் படுக்க வைத்துக் குளிப்பாட்டும் பாட்டியிடம் முதலில் பேசுங்கள். தலையை உருட்டிப் பிடித்து வடிவம் கொண்டுவருவது இந்தக் குழந்தைக்குக் கூடாது. உச்சிக்கு எண்ணெய் வைப்பது தையல் முழுக்க ஆறும் வரை வேண்டாம். ஆறிய பின்னும் வால்வு மேட்டைத் தேய்க்க வேண்டாம்.

உரம் எடுப்பதாகச் சொல்லிச் சேலையில் போட்டு உருட்டுவதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். தூளியில் தலை ஒரே பக்கம் சாய்ந்து துணியில் அமுங்கும். கட்டிலோ பாயோ மேல், தூங்க வைக்கத் தூளிதான் வேண்டுமென்றால் தூங்கியதும் எடுத்துவிடுங்கள். அரைஞாண் கயிறு வயிற்றுத் தழும்பில் உராயும், சில மாதம் கழற்றி வையுங்கள். கழுத்தில் சங்கிலி, தாயத்து எதுவும் குழாய்த் தடத்தில் அழுந்தக் கூடாது. மொட்டை போடும் வேண்டுதல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். போடுவதானால் சவரக்கத்தி வேண்டாம், மெஷினில் ஒட்ட வெட்டினால் போதும். வால்வு இருக்கும் இடத்தை முன்பே தொட்டுக் காட்டிவிடுங்கள்.

தடுப்பூசிகளை நிறுத்தத் தேவையில்லை. குறிப்பாக நியுமோகாக்கஸ் தடுப்பூசி இந்தக் குழந்தைகளுக்கு அவசியம். ஊசி போட்ட ஓரிரு நாளில் வரும் காய்ச்சல் தானே அடங்கும். அதற்குமேல் நீடித்தால் மேலே சொன்ன விதி. வெளியிலிருந்து காந்தத்தால் மாற்றும் வகை வால்வு என்றால், எம்ஆர்ஐ எடுத்த ஒவ்வொரு முறையும் அதன் அமைப்பு மாறிவிட்டதா என்று சரிபார்க்கச் சொல்ல வேண்டும். சாதாரண வால்வுக்கு அந்தக் கவலை இல்லை.

இரவு இரண்டு மணிக்கான கோப்பு

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவை எப்போதும் தயாராக இருக்கட்டும்: ஷண்டின் பெயர், வால்வின் அழுத்த வகை, எந்தப் பக்கம், ஆபரேஷன் தேதி, டிஸ்சார்ஜ் சீட்டு, நல்ல நிலையில் எடுத்த ஸ்கேன் படமும் அதன் குறுந்தகடும், தலைச் சுற்றளவு நோட்டு, மருந்துகள், ஒவ்வாமை, காப்பீட்டு அட்டை. ஷண்ட் பெட்டியில் இருந்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி ஒட்டி வையுங்கள். பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் அதைத்தான் தேடுவார்.

கிளம்பும்போது செய்ய வேண்டியவை: பால், தண்ணீர், மருந்து எதுவும் வாய்வழி கொடுக்காதீர்கள், ஆபரேஷன் தேவைப்படலாம். கடைசியாகப் பால் கொடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பு என்று சந்தேகித்தால் தலைமாட்டைச் சற்று உயர்த்தி, கழுத்து ஒருபக்கம் மடங்காமல் பிடியுங்கள். உச்சி குழிந்திருந்தால் மட்டமாக. மூச்சு தடுமாறினாலோ வலிப்பு நிற்காவிட்டாலோ சொந்த வண்டியை நம்பாமல் 108ஐ அழையுங்கள். நரம்பியல் அறுவை வசதி இல்லாத மருத்துவமனைக்கு முதலில் போக வேண்டியிருந்தால், அங்கே சேர்ந்ததும் "ஷண்ட் குழந்தை, மேல்மருத்துவமனைக்கு இப்பவே பேசிடுங்க" என்று சொல்லுங்கள். வாந்திக்கு ஊசி போட்டுவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்றால் ஒத்துக்கொள்ளாமல், உச்சியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, கோப்புக்கு வெளியே ஒன்று. தண்டுவடப் பிளவோடு பிறந்த குழந்தையின் தாய்க்கு, அடுத்த கருவுக்குத் திட்டமிடும்போது ஃபோலிக் அமிலம் வழக்கமான 400 மைக்ரோகிராம் போதாது. கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தொடங்கி முதல் மூன்று மாதம் முடியும் வரை நாளுக்கு 4 மில்லிகிராம் வேண்டும். இங்கே கடையில் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை, மகப்பேறு மருத்துவர் பெரும்பாலும் அதையே எழுதுவார்.